நான்தான் அந்தச் சேவை மையம்

இணையத்தில் அரசு விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். ஒரு நாள் காலையில் அந்தச் சிவப்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த துணியின் நிறத்தில் தெரிந்தது. மானிட்டரில் கோளாறு என்று நினைத்தேன். வயரைக் கழற்றி மாட்டினேன். பக்கத்து மேசை மானிட்டரை இழுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது.

எதிரே வருமானச் சான்றுக்காக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருடைய சேலை என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றார். என் வலது கண்ணைக் கையால் பொத்தியபோது சேலை நல்ல சிவப்பாக இருந்தது. இடது கண்ணைப் பொத்தியபோது பழுப்பாகிவிட்டது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே அவருடைய விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தேன்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு அருகே சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம் என்று எதற்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றான பிறகு, கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் பஸ் ஏறி வந்து என் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். விறுவிறுவென்று அடிப்பேன். வந்தவர் விலாசத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே என் விரல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

இரண்டொரு நாளில் வலி வந்தது. கண்ணை உருட்டினால், பின்னால் கயிறு கட்டி யாரோ இழுப்பது போல் இருந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளுத்து, அசைத்தால் வலித்தால், சொட்டு மருந்தோடு காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நான் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது வலது கண்ணில் நடுவே ஒரு சாம்பல் வட்டம் விழுந்திருந்தது. கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் குறையில்லை, அதன் பின்னாலுள்ள நரம்பில்தான் என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார். அங்கே எம்.ஆர்.ஐ. (காந்த அலைகளால் உடலின் உள்ளே எடுக்கும் படம்) எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்தார்கள். ரத்தத்தை எங்கோ அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் இடது கண்ணும் மங்கத் தொடங்கியது.

நோயின் பெயர் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா (உடலின் எதிர்ப்புச் சக்தியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் அந்நியமாக எண்ணித் தாக்கும் நோய்). நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“இது திரும்பத் திரும்ப வரக்கூடியதும்மா. போன பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. அடுத்த தாக்குதல் வராம பாத்துக்கிறதுதான் முக்கியமான வைத்தியம்.”

ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். போதவில்லை. பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு திரவம் செலுத்தும் சிகிச்சை) செய்தார்கள். கழுத்தில் குழாய் சொருகியிருந்ததால் தலையைத் திருப்ப முடியாது. வார்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தில் அறியப் பழகியது அந்தக் கட்டிலில்தான்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் பெரிய உருவங்களும் தெரிகின்றன. வாசல் எது சுவர் எது என்று சொல்வேன். எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. இதைத்தான் மருத்துவமனையில் நல்ல முன்னேற்றம் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை என்பது எனக்குப் பின்னால் புரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்வை போனவர்களுக்கு வழி சொல்வாள் என்று மருத்துவமனையில் கொடுத்திருந்த எண்ணில் மும்தாஜ் என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். பாளையங்கோட்டையில் வங்கியில் வேலை பார்க்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. என்னைவிடப் பல வயது சின்னவள். நான் பெயரைச் சொன்னதுமே கேட்டாள்.

“எஸ்தர் அக்கா, அழுது முடிச்சாச்சா, இன்னும் இருக்கா? இருந்தா முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

நோய் வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

அவள்தான் எனக்குத் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) போனிலேயே கற்றுக்கொடுத்தாள். சுட்டியை (மவுஸ்) மறந்துவிட வேண்டும், எல்லாம் விசைப்பலகைதான். ஆரம்பத்தில் அந்த இயந்திரக் குரல் எரிச்சலாக இருந்தது. பிறகு அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். செய்தி வாசித்தேன். கடிதம் எழுதினேன். மையத்தை மறுபடி திறந்துவிடலாம் என்று நம்பிக்கை வந்தது. மையத்துக்காக அரசுத் தளத்தில் என் பெயரில் உள்ள கணக்கில் நான்தான் நுழைய வேண்டும். பல நாள் நுழையாமல் கிடந்தால் முடக்கிவிடுவார்கள். அதனால் கொஞ்சம் அவசரமும் இருந்தது.

முதல் வேலையாக எனக்கே மாற்றுத்திறனாளிச் சலுகைக்கு விண்ணப்பிப்போம் என்று உட்கார்ந்தேன். எந்தத் துறை, எந்தத் தளம் என்று இங்கே சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒன்றில் மட்டும்தான் கோளாறு என்று ஆகிவிடும்.

தளம் திறந்ததும் குரல் சொன்னது: “பட்டன். பட்டன். பட்டன். படம் நான்கு. இணைப்பு. இணைப்பு. பட்டன்.” எது எதற்கான பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பல வருடம் தினமும் பார்த்த பக்கம் அது. எது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று முன்பு பெருமையாக நினைத்திருக்கிறேன். வழிகாட்டிக் குறிப்பைத் திறந்தேன். பழைய எழுத்துருவில் (பார்க்கத் தமிழாகவும், கணினிக்கு ஆங்கில எழுத்தாகவும் இருப்பது) அடித்து ஏற்றியிருந்தார்கள் போல. குரல், ஆங்கில எழுத்தும் டாலர் குறியுமாக ஏதோ புலம்பியது.

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிப் பக்கம் வரை போய்விட்டேன். அங்கே, நான் மனிதர்தான் என்று நிரூபிக்க, படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொன்னது. கண் தெரியவில்லை என்று சொல்வதற்கான விண்ணப்பம் அது. அதை அனுப்பக் கண் தெரிய வேண்டும்.

என் கணவர் தங்கராஜ் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பொறுமையான மனிதர். என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “நான் அடிச்சுக் குடுத்தா ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போயி ஏன் மல்லுக்கட்டுத?” என்றார்.

“இன்னைக்கு எனக்கு நீங்க அடிப்பீங்க. நாளைக்குக் கடையில வந்து உக்காருதவங்களுக்கு யாரு அடிக்கது? நான்தானங்க அடிக்கணும்.”

அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் சொன்னதையேதான் பலரும் சொன்னார்கள். அதான் வீட்டுக்காரர் இருக்கிறாரே, தம்பி இருக்கிறானே, சபையில் யாரையாவது கேட்டால் செய்துதர மாட்டார்களா என்று. செய்துதருவார்கள். குளிப்பாட்டிவிடவும் ஆள் கிடைக்கும். அதற்காகக் குளியலறைக் கதவை வெளியே பூட்டி வைப்பார்களா?

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு பெண் வந்தார். நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “இதுக்கு நீங்க உங்க பக்கத்துல இருக்கிற சேவை மையத்துக்குப் போகணும்மா,” என்றார். எந்த ஊர் என்று கேட்டு, மையத்தின் பெயரையும் தெருவையும் தேடிப் படித்துக் காட்டினார்.

“அது என் கடைதாம்மா,” என்றேன். “நான்தான் அந்தச் சேவை மையம்.”

அந்தப் பக்கம் விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையில் அந்தப் பதில்தான் எழுதியிருந்திருக்கும்.

இணையத்தில் புகார் கொடுக்கப் போனேன். புகார்ப் பக்கத்திலும் அதே படம். மும்தாஜிடம் சொன்னபோது, அவள் இதையெல்லாம் பத்து வருடமாகப் பார்ப்பதாகச் சொல்லி, மின்னஞ்சலில் எழுதச் சொன்னாள். எழுதினேன். கோளாறு தெரியும்படி திரையைப் படம் பிடித்து அனுப்பவும் என்று பதில் வந்தது. நான் பார்க்காத ஒன்றைப் படம் பிடித்து, அதில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாமலேயே அனுப்பினேன். சில நாளில் ஒரு குறுஞ்செய்தி: தங்கள் குறை தீர்க்கப்பட்டது. போய்ப் பார்த்தேன். பட்டன். பட்டன். பட்டன்.

தங்கராஜையும் கூட்டிக்கொண்டு அந்தத் துறையின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அதிகாரி மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். வரவழைத்துவிட்டு என் கணவரிடம், “அம்மாவுக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டார்.

தங்கராஜ் அதிகம் பேச மாட்டார். “அவகிட்டயே கேளுங்க சார். காது நல்லாக் கேக்கும்,” என்றார்.

நான் சொன்னதை அதிகாரி கவனமாகக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். குறித்தும் கொண்டார். ஏனென்றால் அடுத்த மாதமே தளத்தில் ஒரு வசதி வந்தது. மூலையில் சக்கர நாற்காலி போட்ட ஒரு சின்னம், அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், பின்னணி கறுப்பாகும் என்று தங்கராஜ் பார்த்துச் சொன்னார். என் திரைவாசிப்பான் அதைக் கடந்து போனபோது சொன்ன வார்த்தை: “பட்டன்.” மாற்றுத்திறனாளிகளுக்கான பட்டன் அது என்பதைப் பார்வை உள்ளவர்கள் மட்டுமே அறிய முடியும்.

அதன் பிறகுதான் விக்னேஷ் கூப்பிட்டான். தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். சென்னையிலிருந்து பேசினான். அதிகாரியிடம் நான் நேரில் சொன்னது புகாராகப் பதிவாகி இன்னும் திறந்தே கிடப்பதாகவும், நான் சரி என்று சொன்னால் மூடிவிடலாம் என்றும் சொன்னான்.

“தம்பி, உங்க மானிட்டர அணைச்சிட்டு, திரைவாசிப்பானைப் போட்டு, ஒரே ஒரு விண்ணப்பம் அனுப்பிப் பாருங்க. போயிட்டுன்னா நானே மூடச் சொல்லுதேன்.”

சரி மேடம் என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட மாட்டான் என்று நினைத்தேன். அந்த வாரமே கூப்பிட்டான்.

“முடியல மேடம். முதல் பக்கத்தையே என்னால தாண்ட முடியல.”

அவனுக்கு மேலாளர் உண்டு. மேலாளருக்கு இதைவிட அவசரமான வேலைகள் உண்டு. தினமும் சண்டை போடாமல், ஆனால் விடாமல், அவன் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். ஒரு பட்டனுக்குப் பெயர் வைத்துவிட்டுக் கூப்பிடுவான். நான் கேட்டுவிட்டுச் சொல்வேன். கட்டத்தை நிரப்பாமல் விட்டால் வெறுமனே சிவப்பாக்கிக் காட்டியதை, எந்தக் கட்டம் என்று வார்த்தையில் சொல்ல வைத்தான். பிறந்த தேதிக்கு நாட்காட்டியை விரித்துக் காட்டியதை, அடித்தே நிரப்பும்படி மாற்றினான். படத்துக்குப் பதிலாக, செல்போனுக்கு வரும் எண்ணை அடித்தால் போதும் என்று ஆக்குவதற்கு மட்டும் ஏகப்பட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது வருவதற்குள் எனக்கு நோய் திரும்பிவிட்டது.

விலாவைச் சுற்றி யாரோ நாடாவை இறுக்கிக் கட்டியது போல இருந்தது. மறுநாள் கால்கள் மரத்தன, கை விரல்களும் மரத்தன. பிறகு சிறுநீர் வரவில்லை. தண்டுவட அழற்சி (தண்டுவடத்தில் ஏற்படும் வீக்கம், அதற்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் குறைந்துவிடும்). மறுபடி மதுரை, மறுபடி ஸ்டீராய்டு, மறுபடி கழுத்தில் குழாய். இம்முறை சிறுநீருக்கும் ஒரு குழாய். மாத்திரைகளை விடாமல் தின்றேனே என்று மருத்துவரிடம் கேட்டேன். தின்றதால்தான் இந்த அளவோடு நின்றது என்றார். மருந்தை மாற்றி, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரிட்டுக்சிமாப் (எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் மருந்து) ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்.

பிசியோதெரபியில் எழுந்து நிற்பதே ஒரு நாள் வேலையாக இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரை போய்வந்த அன்று, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா எனக்காக ஜெபம் செய்தார். எனக்குத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

வீடு திரும்பியபோது கால் ஓரளவு வந்துவிட்டது. கை விரல்கள் வரவில்லை. தடித்த உறை மாட்டிக்கொண்டு அடிப்பது போல இருந்தது. எந்த விசையில் விரல் இருக்கிறது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து அழுத்த வேண்டும். இதற்கிடையில் விக்னேஷுக்கு அந்த அனுமதி கிடைத்திருந்தது. படம் போய்விட்டது, இப்போது முழுவதும் உங்களாலேயே முடியும் மேடம் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

உட்கார்ந்தேன். பெயர், தகப்பனார் பெயர், விலாசம். ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொன்னது. நோயின் விவரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது குரல் சொன்னது: “உங்கள் நேரம் முடிந்தது.”

எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. மறுபடி அடித்தேன். மறுபடியும் நோயின் விவரத்தில்தான். உங்கள் நேரம் முடிந்தது.

மருத்துவமனையில் நான் சத்தம் போட்டு அழுததில்லை. அன்று விசைப்பலகையைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். தங்கராஜ் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சிதறிய விசைகளைத் தரையில் தேடிப் பொறுக்கி, அதனதன் இடத்தில் அழுத்திப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

விக்னேஷைக் கூப்பிட்டு, அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று கேட்டேன். யாரும் எழுதவில்லை, தானாகவே வருவது என்றான். பாதுகாப்புக்காக நேரக்கெடு வேண்டும், அதை எடுக்க முடியாது என்றான்.

“எனக்கு இப்ப கை மெதுவாத்தான் போகுது, விக்னேஷ். இதவிட வேகமா இனி போகுமான்னு டாக்டருக்கே தெரியாது. உங்க கெடுவ வச்சுக்கிடுங்க. முடியப் போகுதுன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அடிச்சத அழிக்காம வைக்கக் கூடாதா?”

இது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அதுவரை தோன்றவில்லை. கண்ணுக்காகத்தான் இத்தனை நாளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த முறை நான் உட்கார்ந்தபோது, பாதியில் குரல் வந்து, இன்னும் நேரம் வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்று அழுத்தினேன். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினேன். நடுவில் எழுந்து போய் மாத்திரை போட்டுவிட்டு வந்தேன். அடித்ததெல்லாம் அப்படியே இருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகை எண்ணைக் குரல் படித்தபோது வீட்டில் யாரும் இல்லை. மும்தாஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். “சரி, இனி மத்தவங்களுக்குப் போட்டுக் குடுங்க,” என்றாள்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் தளத்துக்குப் புதுத் தோற்றம் கொடுத்தார்கள். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். திறந்தேன். “பட்டன். பட்டன்.” விக்னேஷ் வேறு வேலைக்கு மாற்றப்பட்டிருந்தான். ஆனாலும் புதிதாக வந்த பெண்ணின் எண்ணைக் கொடுத்தான். அவளிடம் மானிட்டரை அணைக்கச் சொல்வதிலிருந்து ஆரம்பித்தேன். இந்த நோய்க்கும் அந்தத் தளத்துக்கும் குணமாகிவிட்டது என்று ஒரு நாள் கிடையாது. அடுத்தது வராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத்தான் மருத்துவர் முதல் நாளே சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. சோர்வு வரும், அது சோம்பல் அல்ல. வெயிலில் பார்வை இன்னும் மங்கும், பயப்பட வேண்டாம், குளிர்ந்ததும் திரும்பும். கோபம் வரும். அதை அடக்க வேண்டியதில்லை, சரியான எண்ணுக்குப் போன் போடுங்கள்.

மையத்தை மறுபடி திறந்துவிட்டேன். முன்பு போல் கூட்டம் இல்லை. வேகம் வேண்டியவர்கள் வேறு இடம் போகிறார்கள். சென்ற வாரம் சிவகிரியிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்தபோது அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நானே அடிக்கட்டுமாம்மா? வீட்ல ஒண்ணும் செய்ய விட மாட்டேங்காங்க.”

நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். ஒரு விசை. நெடுநேரம் கழித்து இன்னொன்று. நடுவில், உங்களுக்கு நேரமாகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. மேசைக்குக் கீழே என் கால்கள் எறும்பு ஊர்வது போல் குறுகுறுத்துக்கொண்டிருந்தன. ராஜபாளையம் பஸ் கிளம்பிப் போனது. அவர் கையிலிருந்து அடுத்த விசையின் சத்தம் வரும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். அது வந்தது. அதற்கடுத்ததற்கும் உட்கார்ந்திருந்தேன்.